எடுக்கப்படாத படங்களுக்கான பணம்

1988ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி மாலை லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட பான் ஆம் 103 விமானம், ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூருக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும், தங்கள் வீடுகளில் இருந்த ஊர்க்காரர்கள் 11 பேருமாக 270 பேர் இறந்தனர். அவர்களுள் 35 பேர், அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் நடத்திய வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தில் ஒரு பருவம் பயின்றுவிட்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள். அந்த 35 பேரில் ஒருவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த அலெக்ஸியா சைரிஸ். வயது 20. புகைப்பட இதழியல் மாணவி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் அதற்கு முன்பே பயிற்சி பெற்றிருந்தவர்.

அவருடைய பெயரில் பெற்றோர் தொடங்கிய உதவித்தொகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். புகைப்பட இதழியலில் நினைவுப் பரிசுகளுக்குப் பஞ்சமில்லை. ஆபத்தான தொழில் என்பதால் இளம் வயதில் இறந்தவர்கள் இதில் அதிகம். இறந்தவரை மறக்க விரும்பாத சக ஊழியர்களும் அதிகம். ஒரு நாளிதழின் படப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுப்பவன் என்ற முறையில், இந்தப் பரிசுகள் பலவற்றின் அறிவிப்புகளை மாணவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவற்றுள் அலெக்ஸியாவின் பெயரில் உள்ளதை நான் தனியே எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அது எடுத்து முடித்த ஒரு படத்துக்குப் பரிசு தருவதோடு நின்றுவிடாமல், இனிமேல் எடுக்கப்பட வேண்டிய படங்களுக்கான நாட்களையும் பணத்தையும் சேர்த்தே தருவதாக அமைக்கப்பட்டது என்பதுதான்.

தந்தை பீட்டர் சைரிஸ் நரம்பியல் மருத்துவர். தாய் அஃப்ரடைட்டி சைரிஸ், பலியானவர்களின் குடும்பங்கள் சேர்ந்து அமைத்த சங்கத்தில் முன்னணியில் நின்றவர். அந்தச் சங்கத்தின் கோபத்துக்கு வலுவான காரணம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்றில் குண்டு வைக்கப்படும் என்று ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தொலைபேசி எச்சரிக்கை வந்திருந்தது. அந்தச் செய்தி மாஸ்கோ தூதரக ஊழியர்களின் பார்வைக்கு ஒட்டப்பட்டிருந்தது. சாதாரணப் பயணிகளுக்கோ எதுவும் சொல்லப்படவில்லை. அந்த எச்சரிக்கை போலியானது, நடந்ததோடு அது ஒத்துப்போனது தற்செயல் என்று பிறகு விசாரணையாளர்கள் முடிவு செய்தாலும், ஊழியருக்குச் சொல்லத் தகுந்தது பயணிக்குச் சொல்லத் தகாததா என்ற கேள்வியைக் குடும்பங்கள் விடவில்லை. அவர்கள் கொடுத்த அழுத்தத்தின் பேரில் 1989இல் அமெரிக்க அதிபர் ஓர் ஆணையத்தை அமைத்தார். 1990இல் விமானப் பாதுகாப்பை மேம்படுத்தும் சட்டம் வந்தது. வழக்குக்கும் சட்டத்துக்குமாக அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், மகளின் துறையிலேயே அவள் பெயரால் ஏதாவது செய்ய வேண்டும் என்று பெற்றோர் முனைந்தார்கள். 1991இல் உலக அமைதிக்கான அலெக்ஸியா அறக்கட்டளை உருவானது.

அறக்கட்டளையின் நோக்கமாக அவர்கள் எழுதி வைத்தவை மூன்று: சமூக அநீதிக்கு ஆளானவர்களின் குரலைப் புகைப்பட இதழியல் வழியே கேட்கச் செய்வது, வரலாற்றை மறவாமல் மதிப்பது, பண்பாட்டு வேறுபாட்டைப் பலவீனமாகக் கருதாமல் பலமாகப் புரிந்துகொள்வது. மேடைப் பேச்சுக்கு ஏற்ற சொற்களாகத்தான் இவை முதலில் தோன்றும். எவரோ ஒருவர், தாம் ஒருபோதும் பார்த்திராத 259 பேர் ஏறவிருந்த விமானத்துக்குள், கேசட் ரேடியோ ஒன்றில் வெடிமருந்தை ஒளித்து வைத்து அனுப்பியதால் மகளை இழந்தவர்கள் எழுதிய சொற்கள் என்று நினைத்துப் படித்தால் தொனி மாறிவிடும். முகம் தெரியாதவர்களைக் கொல்வது எளிது. ஆகவே முகங்களைத் தெரியச் செய்வோம் என்பது அவர்களுடைய கணக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

திட்டத்தின் அமைப்பு இப்படி இருந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு நிதி, மாணவர்களுக்கு ஒரு நிதி. விண்ணப்பிக்கும் மாணவர் இதுவரை எடுத்த படங்களின் தொகுப்பையும், இனி எடுக்கப்போகும் ஒரு தொடர்பணியைப் பற்றிய திட்ட வரைவையும் அனுப்ப வேண்டும். முதலிடம் பெறும் மாணவருக்கு, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லண்டன் மையத்தில் ஒரு பருவம் படிப்பதற்கான கல்விக் கட்டணமும், தாம் முன்வைத்த பணியைச் செய்வதற்கான தொகையும் கிடைக்கும். தொகைகளும் பிரிவுகளும் காலப்போக்கில் மாறியிருக்கின்றன என்றாலும், மாணவர் பரிசின் மூல வடிவம் இதுவே.

லண்டனில் ஒரு பருவம் என்ற அந்தப் பகுதியை நான் எளிதில் கடந்துவிட முடிந்ததில்லை. மகள் கடைசியாகப் படித்த நகரம் அது. அவள் விமானம் ஏறியது அங்கிருந்துதான். நம் குடும்பங்களில் இப்படி ஒன்று நடந்திருந்தால், அந்த ஊரின் பெயரைக்கூட வீட்டில் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டார்கள். அதில் தவறும் இல்லை. சைரிஸ் தம்பதியர் அதற்கு நேர்மாறாக, ஆண்டுதோறும் வேறொரு வீட்டுப் பிள்ளையை அதே நகருக்கு, அதே படிப்புக்கு, தங்கள் செலவில் அனுப்பி, அவர் படித்து முடித்து வீடு திரும்புவதைப் பார்த்தார்கள். மகள் இறந்ததற்கு வெளிநாட்டுப் படிப்பைக் குற்றம் சொல்ல அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது இந்த விதியிலேயே இருக்கிறது. அறக்கட்டளை அறிக்கைகள் இதை விளக்கிச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இனி, திட்ட வரைவைப் பற்றி. இந்த வகை உதவித்தொகைகளில் மாணவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். நல்ல படங்களை வைத்திருப்பவர்கள்கூட, என்ன செய்யப்போகிறோம் என்று சில நூறு சொற்களில் எழுதச் சொன்னால் கட்டுரைப் போட்டிக்கு எழுதுவதுபோல எழுதிவிடுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, வேறொரு நிதிக்கு விண்ணப்பிப்பதற்காக எழுதி எடுத்து வந்த வரைவு, ‘உப்பளத் தொழிலாளர்களின் கண்ணீர் வாழ்க்கையை உலகுக்குக் காட்டுவதே என் நோக்கம்’ என்று தொடங்கியது. அதன்பின் மூன்று பத்திகள் முழுவதும் வெயில், வியர்வை, வெடித்த பாதம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பாதத்தின் படம் ஒவ்வொரு பத்திரிகையிலும் ஏற்கெனவே வந்திருக்கிறது. வெண்மையான உப்பு அம்பாரத்துக்கு முன்னால் தலைச்சுமையோடு நடக்கும் பெண்ணின் படம் நாட்காட்டியில்கூட வந்துவிட்டது. உனக்கு அங்கே யாரைத் தெரியும் என்று கேட்டேன். “எங்க சித்தி அளத்துலதான் சார் வேலை பாக்குறாங்க” என்றாள். மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். “ஒண்ணும் நடக்காது சார். பாத்தியெல்லாம் தண்ணி நிக்கும். சித்தி கம்மலைக் கொண்டுபோய் அடகு வைப்பாங்க. தை மாசம் பாத்தி கட்டுறப்ப முன்பணம் வாங்கித் திருப்புவாங்க” என்றாள்.

வரைவு அந்தப் பதிலில் இருந்தது. உப்பு விளையாத மாதங்களில் உப்பளக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை உடனிருந்து படம் எடுப்பது, அடகுக்கடை, முன்பணம், மழைக்கால நிவாரணமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த 5,000 ரூபாய் யாருக்கு வந்தது, பெயர்ப் பதிவு இல்லாததால் யாருக்கு வரவில்லை என்பது வரை பின்தொடர்வது என்று அவள் மாற்றி எழுதினாள். இப்படி எழுதினால் நடுவருக்கு நான்கு விஷயங்கள் உடனே தெரிந்துவிடும்: எங்கே போகப்போகிறார், யார் உள்ளே விடுவார்கள், எத்தனை நாள் ஆகும், இதுவரை மற்றவர்கள் பார்க்காதது என்ன. அலெக்ஸியா நிதியும் அதைப்போன்ற பிற நிதிகளும் கேட்பது இவற்றைத்தான். படத்துக்குப் பரிசு தரும் போட்டியில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. அங்கே ஒளியும் சட்டகமும் நொடிப்பொழுதும் அமைந்துவிட்டால் போதும், படம் எடுத்தவர் அந்த ஊரில் அரைமணி நேரம் இருந்தாரா, ஆறு மாதம் இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

செய்திப் புகைப்படக்காரருக்குக் கிடைக்காத பொருள் நாட்கள்தான். நாளிதழ் வேலையில் ஒரு நாளைக்கு மூன்று இடம், நான்கு இடம் ஓட வேண்டும். காலையில் ஆர்ப்பாட்டம், மதியம் பத்திரிகையாளர் சந்திப்பு, மாலையில் கோயில் தேர். நான் படப் பிரிவில் இருந்தபோது, ஒரு புகைப்படக்காரருக்கு ஒரே செய்திக்காக இரண்டு நாள் விட்டுக்கொடுங்கள் என்று கேட்பதற்கே மேலதிகாரியின் முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. மாணவர்களின் நிலை இன்னும் மோசம். கேமரா வாடகைக்கு, லென்ஸ் நண்பனுடையது, பேருந்துக் கட்டணம் கைக்காசு. ஆகவே அவர்கள் கல்லூரிக்குப் பக்கத்துச் சந்தையையும் கடற்கரையையும் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். திறமைக் குறைவு என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி போக்குவரத்துச் செலவுதான்.

இதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் டபிள்யூ. யூஜீன் ஸ்மித்தைவிடப் பெரிய சான்று இல்லை. லைஃப் இதழிலிருந்து விலகிய ஸ்மித், 1955இல் பிட்ஸ்பர்க் நகரைப் பற்றிய நூல் ஒன்றுக்காகப் படம் எடுக்க அழைக்கப்பட்டார். வேலை மூன்று வாரம்; வேண்டிய படம் நூறு. அவரோ அந்த நகரை விட்டு நகர மனமின்றி ஏறக்குறைய 17,000 படங்கள் எடுத்துக் குவித்து, அவற்றை அச்சிட்டு வரிசைப்படுத்துவதிலேயே பல ஆண்டுகளையும், உதவியாக வந்த கக்கன்ஹைம் அறக்கட்டளையின் நிதியையும், குடும்ப நிம்மதியையும் கரைத்தார். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவால் முடமானவர்களோடு தம் மனைவி அய்லீனுடன் தங்கிப் படம் எடுத்தவரும், அதற்காக ஆலைத் தரப்பினரிடம் கடுமையாக அடி வாங்கியவரும் அவரே. 1978இல் அவர் இறந்தபோது வங்கிக் கணக்கில் இருந்தது 18 டாலர் என்பார்கள். அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. 1980இல் அதன் முதல் தொகையைப் புகைப்படக்காரர் ஜேன் ஈவலின் ஆட்வுட் பெற்றார். ஸ்மித்துக்கு உயிரோடு இருக்கும்போது எது இல்லாமல் போனதோ அதையே அவர் பெயரால் பிறருக்குக் கொடுக்கிறார்கள். பிற்காலத்தில் மாணவர்களுக்கென்று தனியாகவும் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள்.

அலெக்ஸியா நிதி வாங்கித் தந்த நாட்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாக ஏமி விட்டாலேயைச் சொல்லலாம். வட வெள்ளைக் காண்டாமிருக இனத்தின் கடைசி ஆணான சூடான் 2018இல் கென்யாவில் இறப்பதற்குச் சற்று முன் அதன் பராமரிப்பாளர் அதைத் தடவிக்கொடுக்கும் படம் பலருக்கு நினைவிருக்கும். அது விட்டாலே எடுத்தது. அவருடைய ஆரம்ப காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவ் நாட்டுக் கிராமம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கி, கிராமத்தாரைப் போலவே நீர் சுமந்து, விறகு சேர்த்து வாழ்ந்து படம் எடுப்பதற்குக் கைகொடுத்தது அலெக்ஸியா நிதி. உள்நாட்டுப் போர் முடிந்து அதிகக் காலம் ஆகாத நாடு அது. அங்கிருந்து அவர் கொண்டுவந்த படங்களில் பெரும்பாலும் அன்றாட வாழ்க்கைதான். போர் நடந்த நாட்டிலிருந்து போரற்ற படங்களைக் கொண்டுவருவதற்குச் சம்பளம் கொடுக்கும் நாளிதழ் எது?

விமானத்தோடு தொடர்புடைய இன்னொரு நினைவு உதவித்தொகையையும் இங்கே சொல்ல வேண்டும். லாக்கர்பிக்கு ஓராண்டும் ஒரு வாரமும் கழித்து, 1989 டிசம்பர் 28ஆம் தேதி, இயன் பாரி என்ற 24 வயது ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ருமேனியாவில் விமானம் விழுந்து இறந்தார். அப்போது அங்கே புரட்சி. நாட்டின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு 22ஆம் தேதி தப்பியோடி, 25ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சண்டே டைம்ஸ் இதழுக்காகப் படமெடுக்கச் சென்றிருந்த பாரி, பணி முடித்து புக்கரெஸ்டிலிருந்து புறப்பட்ட விமானத்தில் இருந்தார். இன்றைய மாணவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது: அந்தக் காலத்தில் படம் எடுத்தால் மட்டும் போதாது, பிலிம் சுருளை யாராவது கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியர் மேசை வரை போய்ச் சேர வேண்டும். உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம் சனிக்கிழமைக்குள் வராவிட்டால் ஞாயிறு இதழுக்கு அது பயனற்றது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நின்று படமெடுப்பதைப் போலவே, அந்தச் சுருளோடு நாட்டை விட்டு வெளியேறுவதும் வேலையின் ஒரு பாகமாக இருந்தது.

பாரியின் பெயரில் உதவித்தொகை தொடங்க முன்னின்றவர், அப்போது சண்டே டைம்ஸில் படப் பிரிவு ஆசிரியராக இருந்த ஐடன் சல்லிவன். நண்பர்களும் குடும்பத்தினரும் சேர்ந்துகொண்டார்கள். படப் பிரிவில் இருந்தவன் என்பதால் சல்லிவனின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. களத்துக்கு ஒருவரை அனுப்பியது நம் மேசை என்ற நினைப்பு எளிதில் போகாது. முழுநேரப் புகைப்படப் படிப்பில் இருப்பவர்கள் அல்லது 24 வயதுக்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது அந்த உதவித்தொகையின் விதியாக இருந்தது. அதாவது, படிப்பில் இல்லாதவர் பாரி இறந்த வயதை எட்டிவிட்டால் கதவு மூடிவிடும். இவர்களும் படத் தொகுப்போடு, பணம் கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். 2013இல் அதை வென்றவர் வங்கதேசத்தின் ஃபர்சானா ஹோசன். அமில வீச்சுக்கு ஆளான பெண்களின் வாழ்க்கையை எடுத்தவர். டாக்காவில் ஷாஹிதுல் ஆலம் 1998இல் நிறுவிய பாட்சாலா பள்ளியின் மாணவி. லண்டன் பத்திரிகை ஒன்றின் துக்கம் டாக்கா மாணவி வரை வந்து சேர்ந்தது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைவிட, நல்ல பள்ளி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் இத்தகைய பணம் இந்தப் பக்கம் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். தெற்காசியாவிலிருந்து வெளிநாட்டு நிதிகளைப் பெற்ற இளைஞர்களின் பட்டியலில் பாட்சாலாவின் பெயர் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அன்று.

இந்த உதவித்தொகைகள் மேல் எனக்குக் குறையும் உண்டு. முதலாவது மொழி. வரைவை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்னும்போதே, கண் கூர்மையாக இருந்தும் ஆங்கிலம் தயங்கும் மாணவர் வரிசையிலிருந்து விலகிவிடுகிறார். இரண்டாவது, கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம். லண்டன் போன்ற நகரில் கல்விக் கட்டணம் போக வாடகையும் சாப்பாடும் இருக்கின்றன. அவற்றைச் சமாளிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைதான் பரிசைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

மூன்றாவது குறை இவற்றைவிடப் பெரியது. அநீதிக்குக் குரல் கொடுக்கும் பணி என்று அறிவித்தவுடனேயே, மாணவர்கள் அதிகத் துயரம் எங்கே இருக்கிறது என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள். நோய், போதை, வன்முறை, மரணம் ஆகியவற்றில் ஒன்று இல்லாமல் வரைவு எழுதினால் நடுவர்கள் திரும்பிப் பார்ப்பார்களா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்தை முற்றாக மறுக்கவும் முடியவில்லை. ஆனால் கனமான பொருளை எடுத்தவர்களில் சிறப்பாகச் செய்தவர்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெண்களைப் பற்றிய பணிகளுக்காக அலெக்ஸியா அறக்கட்டளை பின்னாளில் தனி நிதி ஒன்றை வைத்தது. சியாட்டிலில் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்படும் சிறுமிகளைப் பற்றி டிம் மட்சுயி செய்த பணிக்கும், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பெண்களின் துயரங்களைப் பற்றி மேரி கால்வர்ட் செய்த பணிக்கும் அதிலிருந்து பணம் சென்றது. இருவரும் அந்தப் பொருளில் புதிதாக நுழைந்தவர்கள் அல்லர். நிதி கிடைக்கும் முன்பே அதில் ஊறியிருந்தவர்கள். 20 வயது மாணவர் அப்படிப்பட்ட பொருளுக்குள் ஒரே பருவத்தில் போய்வர முயன்றால், படத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு காயமாக முடியக்கூடும். மாணவர் நிதிக்கு வரும் வரைவுகளில், தன் தெருவையும் தன் சித்தியையும் பற்றி எழுதுபவருக்கு நடுவர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெற்றோர் நடத்தும் அறக்கட்டளைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பெற்றோருக்கு வயதாகும். மகளை நேரில் அறிந்தவர்கள் குறைவார்கள். சைரிஸ் குடும்பத்தார் இதை முன்னரே யோசித்திருக்க வேண்டும். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் நியூஹவுஸ் இதழியல் பள்ளியில் ஆவணப் புகைப்படக் கலைக்கு அலெக்ஸியா சைரிஸ் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை அமைந்தது. நேஷனல் ஜியாகிரஃபிக்கில் படப் பிரிவு ஆசிரியராக இருந்த மைக் டேவிஸ் அந்த இருக்கைக்கு வந்தார். 2021இல் அறக்கட்டளையின் பணிகள் முழுவதும் அந்தப் பள்ளியிடமே ஒப்படைக்கப்பட்டன. குடும்பத்தின் கையில் இருப்பதைவிடப் பல்கலைக்கழகத்தின் கையில் ஒரு நிதி நீடித்து நிற்கும். அதே சமயம் அது பத்தோடு பதினொன்றாகிவிடும் அபாயமும் உண்டு. சிரக்யூஸ் விஷயத்தில் அந்த அபாயம் குறைவு என்பேன். அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் 35 பேரைத் தேர்ந்து, இறந்த 35 பேரில் ஆளுக்கொருவரின் வாழ்க்கையைப் படித்து அறிந்து அவர்கள் சார்பாக நிற்கச் செய்கிறது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், விமானம் வெடித்த நேரமான உள்ளூர்ப் பிற்பகல் 2:03 மணிக்கு நினைவுச் சுவரருகே கூடி ரோஜா வைக்கிறார்கள். லாக்கர்பி பள்ளியிலிருந்து ஆண்டுக்கு இருவர் சிரக்யூஸுக்கு வந்து ஓராண்டு படிக்கவும் உதவித்தொகை இருக்கிறது. வயல்களில் சிதறிக் கிடந்த உடைகளைத் திரட்டி, துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பிவைத்த பெண்களின் ஊர் அது. அந்த ஊரின் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

நம் பக்கம் நினைவுப் பரிசு என்றால் பெரும்பாலும் அறக்கட்டளைச் சொற்பொழிவு, சுழற்கேடயம், முதல் மதிப்பெண் பெற்றவருக்குத் தங்கப் பதக்கம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், 2021இல் கொரோனாவில் இறந்த தன் பழைய மாணவர் ஆஷிஷ் யெச்சூரியின் பெயரில் புகைப்பட இதழியலுக்கு விருது வழங்குகிறது. மிகவும் நல்ல காரியம், ஆனால் விருது என்பது செய்து முடித்த பணிக்கு உரியது. செய்ய வேண்டிய பணிக்கு மாணவரிடம் பணம் கொடுக்கும் ஏற்பாடு நம்மிடம் மிகக் குறைவு. என்னோடு வேலை பார்த்து மறைந்த ஒரு புகைப்படக்காரரின் குடும்பத்தார், அவர் பெயரில் கல்லூரி ஒன்றில் சிறு தொகையை வைப்பாக வைக்கலாமா, எப்படி வைக்கலாம் என்று அண்மையில் என்னிடம் கேட்டார்கள். கேடயம் வேண்டாம் என்று மட்டும் உடனே சொல்லிவிட்டு, மற்றதை எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுதித் தந்தது இதுதான். வட்டித் தொகை சிறிதாக இருந்தால் ஆண்டுக்கு ஒருவருக்கே கொடுங்கள். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கும் பேருந்துக் கட்டணத்துக்குமேல் மிஞ்சாது. பாதித் தொகையைப் பணி தொடங்கும்போதும், மீதியைப் பாதிப் படங்களைப் பார்த்த பிறகும் தாருங்கள், முடிந்த பிறகு தருவதாக வைத்துவிடாதீர்கள், ஏனெனில் கையில் காசில்லாத மாணவரால் பணியைத் தொடங்கவே இயலாது. வரைவைத் தமிழில் எழுத விடுங்கள். கையெழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். செல்பேசியில் எடுத்த படங்களைக் காட்டி விண்ணப்பிப்பவரை ஒதுக்காதீர்கள். மறைந்த அண்ணனுடைய பழைய கேமராவும் இரண்டு லென்ஸும் வீட்டு அலமாரியில் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன அல்லவா, அவற்றைப் பழுது பார்த்து, பணி நடக்கும் மாதங்களில் அந்த மாணவருக்கு இரவலாகக் கொடுங்கள். தேர்வு நடக்கும் நாளில் மற்ற மாணவர்களையும் அறைக்குள் உட்கார வையுங்கள்; ஒரு வரைவு ஏன் தள்ளப்பட்டது என்று காதால் கேட்பது தோற்றவருக்கும் ஒரு வகுப்புத்தான். நடுவர்களில் ஒருவராவது புகைப்படக்காரர் அல்லாதவராக, அந்தப் பொருளை அறிந்தவராக இருக்கட்டும். உப்பளத்தைப் பற்றிய வரைவு வந்தால் உப்பளத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். படத்துக்குக் கீழே வரும் குறிப்பில் ஆளின் பெயர், ஊர், தேதி, அவர் சம்மதித்தாரா என்பவை இருந்தாக வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். அண்ணன் குறிப்பு எழுதாமல் ஒரு படத்தையும் மேசைக்கு அனுப்பியதில்லை. பணி முடிந்ததும் கண்காட்சி வைப்பதாக இருந்தால், முதல் கண்காட்சியைக் கல்லூரி அரங்கத்தில் வைக்காமல், படம் எடுத்த ஊரின் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி அச்சிட்டுக் கொடுப்பதற்கான செலவையும் இப்போதே தொகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவரின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

கல்லூரி நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை. தேர்வு அறைக்குள் மற்ற மாணவர்களை அனுமதிக்கும் விதியில் அவர்களுக்குத் தயக்கம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் மீண்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.